அக்கானியா, கள்ளா? ஒரு விரல் சுண்ணாம்பு முடிவு செய்யும் குமரி மாவட்டத்துப் பனை விளைகள்!

நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் 30 கிலோமீட்டர்தான். வயல், தென்னந்தோப்பு, வாழைத் தோட்டம், ரப்பர் என்று ஒவ்வொரு வளைவிலும் பச்சை நிறம் மாறிக்கொண்டே வரும் சாலை இது. கோடை மாதங்களில் இந்தப் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். சாலையோர மர நிழலில் ஒரு பானை, பக்கத்தில் அடுக்கிவைத்த பனையோலை, கையால் எழுதிய சின்னப் பலகை. அதில் 'அக்கானி' என்று இருக்கும்.

வெளியூர்க்காரர்கள் முதலில் கொஞ்சம் விழிப்பார்கள். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் 'பதநீர்' என்று சொல்வதைத்தான் குமரி மாவட்டத்தில், குறிப்பாக கல்குளம், விளவங்கோடு பகுதிகளில், 'அக்கானி' என்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலும் அதே பெயர்தான். ஒரு பட்டை அக்கானி கையில் வாங்கிக் குடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால், அந்தப் பட்டைக்குள் வந்து சேர்வதற்கு அது கடந்துவரும் பாதை நீளமானது. அதில் உயிரைப் பணயம் வைக்கும் உழைப்பு இருக்கிறது, நுட்பமான ரசாயனம் இருக்கிறது, ஒரு சட்டம் இருக்கிறது, 200 ஆண்டு வரலாறும் இருக்கிறது.

பனை மரம் செய்யும் பாதி வேலை

உலகின் பல நாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்பது ஒரு பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் 1963 முதல் அதற்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-ல் சட்டம் திருத்தப்பட்டு, வீட்டு உபயோகத்துக்குத் தயாரிக்க அனுமதி கிடைத்தது. முழுத் தானியத்தில் இருந்து முதன்முதலாக பீர் தயாரிக்க இறங்குபவருக்கு ஒரு பகல் முழுக்க வேலை இருக்கும்.

முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்துத்தான் தொடங்க வேண்டும். அதை 65 டிகிரி செல்சியஸ் அளவு வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் தானியத்தில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். சூடு கூடினால் நொதி செத்துவிடும், குறைந்தால் வேலை செய்யாது. பிறகு வடிகட்டி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் கலந்து, ஒன்றிரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

இத்தனை பாடும் எதற்காக? இனிப்பான ஒரு நீரை உண்டாக்குவதற்காக. அந்த இனிப்பு நீர் இருந்தால்தான் ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும்.

பனை மரம் இந்த வேலையின் பெரும்பகுதியைத் தானே முடித்துத் தந்துவிடுகிறது. பாளையைச் சீவினால் சொட்டுவது ஏற்கெனவே இனிப்பான நீர். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சர்க்கரை இருக்கும். ஊறவைக்க வேண்டாம், உடைக்க வேண்டாம், ஈஸ்ட்டைக்கூடக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருக்கும் ஈஸ்ட்டே போதும். விட்டுவிட்டால், காலையில் சொட்டிய நீர் மாலைக்குள் பீருக்கு நிகரான போதையுள்ள கள்ளாகிவிடும். பீருக்கு இரண்டு வாரம் என்றால், பனைக்கு அரை நாள்!

அதனால், பனை விளையில் நடக்கும் வேலை பீர் தயாரிப்புக்கு நேர் எதிரான திசையில் போகிறது. அங்கே நுரைக்கவைக்கப் பாடுபடுகிறார்கள். இங்கே நுரைக்காமல் தடுக்கப் பாடுபடுகிறார்கள்.

22 முறை திருவள்ளுவர் சிலை

வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். பனையேறியின் இடுப்பில் பாளை அரிவாள் வைக்கும் பெட்டி, கூடவே சுண்ணாம்பு, நீரை ஊற்றிக்கொண்டு இறங்க ஒரு குடுவை. கால்களைச் சேர்த்துப் பிடிக்க தளைநார். அடிமரத்தில் சாய்த்துவைத்துக் கால் ஊன்ற முருக்குத் தடி. இவ்வளவுதான் கருவிகள். மேலே பிடித்துக்கொள்ள கயிறு இல்லை, கீழே வலை இல்லை.

மேலே போனதும் உடனே நீர் கிடைத்துவிடாது. பாளை விரிவதற்கு முன்பே அதைக் கட்டி, கடிப்பு என்ற மரக் கருவியால் இடுக்கி, பல நாட்கள் பதமாக நசுக்கிக் கொடுக்க வேண்டும். அதிகம் நசுக்கினால் பாளை வீணாகிவிடும், குறைந்தால் ஊறாது. ஆண் பனைக்கு ஒரு விதம், பெண் பனைக்கு ஒரு விதம். அதன் பிறகு பாளை நுனியைக் காகிதம்போல மெல்லியதாகச் சீவி, அதன் கீழ் கலயத்தைக் கட்டுவார்கள். ஒரு நாள் சீவாமல் விட்டால்கூட வெட்டு வாய் காய்ந்து நீர் நின்றுவிடும். அதனால் பருவம் முடியும் வரை பனையேறிக்கு ஞாயிறும் கிடையாது, திருவிழாவும் கிடையாது. வீட்டில் கல்யாணம் என்றாலும் மரம் ஏறிவிட்டுத்தான் பந்திக்கு வர முடியும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 50 அடி உயரமுள்ள 30 மரங்களில் காலையும் மாலையும் ஏறினால், ஒரு நாளைக்கு 3,000 அடி ஏற்றம், 3,000 அடி இறக்கம். கன்னியாகுமரி கடலில் நிற்கும் 133 அடி திருவள்ளுவர் சிலையின் உயரத்தை தினமும் 22 முறை ஏறி இறங்குவதற்குச் சமம் இது. நெஞ்சிலும் கைகளிலும் கால்களிலும் காய்த்துப்போன தோலைப் பார்த்தே முன்பெல்லாம் பனையேறியை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கலயத்துக்குள் ஒரு எல்லைக்கோடு

பாளையின் கீழே கட்டப்படும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். வெற்றிலைக்குப் போடும் அதே சுண்ணாம்புதான். அது சொட்டும் நீரைக் காரத்தன்மைக்கு மாற்றுகிறது. அந்தச் சூழலில் ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் பெருக முடியாது. நீர் இனிப்பாகவே இருக்கும். அதுதான் அக்கானி. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அதே மரம், அதே பாளை, அதே நாள் தருவது கள்.

அளவு முக்கியம். சுண்ணாம்பு கூடிப்போனால் அக்கானி காரலடிக்கும், காய்ச்சும்போது கருப்பட்டியின் நிறம் கறுக்கும். குறைந்துபோனால் நீர் லேசாகப் புளிக்கத் தொடங்கிவிடும். குடிப்பவருக்குத் தெரியாத அந்தச் சின்னப் புளிப்பு, காய்ச்சுபவருக்குப் பெரிய நஷ்டம். புளிக்கத் தொடங்கிய நீரில் சர்க்கரை சிதைந்துபோகும். அதை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகிக் கட்டாது. பசைபோல இழுபட்டுக்கொண்டே இருக்கும். அன்றைய ஏற்றம், விறகு, பகல் முழுக்க அடுப்படியில் நின்ற உழைப்பு எல்லாமே வீண்.

வெயில், மழை, காற்றில் ஈரம் என்று ஒவ்வொரு நாளும் சுண்ணாம்பின் தேவை மாறும். அதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது. விரலில் எவ்வளவு எடுப்பது என்பது அனுபவத்தில் வருவது.

ஏறுவது ஆண், காய்ச்சுவது பெண்

பனைத் தொழில் என்றதும் மரத்தின் உச்சியில் இருக்கும் ஆணைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். தொழிலின் இன்னொரு பாதி கீழே, புகைக்கு நடுவில் நடக்கிறது. காலையில் இறக்கிய அக்கானியை வாங்கிக் கருப்பட்டியாக்குவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை.

முதல் பரிசோதனை நாக்கில். ஒவ்வொரு கலயத்து நீரையும் முகர்ந்து, கொஞ்சம் சுவைத்து, இது காய்ச்சத் தேறும், இது தேறாது என்று பிரிப்பார்கள். பிறகு கொஞ்ச நேரம் தெளியவிட்டு, அடியில் சுண்ணாம்பு தங்கியதும் துணியில் வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் ஊற்றுவார்கள். அடுப்புக்குக் காய்ந்த பனையோலை, மட்டை, பன்னாடை, சிரட்டை என்று தோப்பில் கிடைப்பதெல்லாம் விறகு.

தண்ணீர் போலிருக்கும் நீர், முதலில் அழுக்கு நுரையைத் தள்ளும். அதைக் கரண்டியால் அள்ளி எடுக்க வேண்டும். பிறகு நிறம் மாறி மஞ்சளாகி, தேன் நிறத்துக்கு வரும். கொஞ்ச நேரத்தில் பாத்திரமே பொங்கி வழிவதுபோல நுரை எழும். அப்போது நசுக்கிய ஆமணக்கு முத்து ஒன்றிரண்டைப் போடுவார்கள். அதில் இருக்கும் எண்ணெய் பட்டதும் பொங்கிய நுரை அப்படியே அடங்கிவிடும். எந்த ஆய்வுக்கூடமும் சொல்லித் தராமல், தலைமுறை தலைமுறையாக வந்த தொழில்நுட்பம் இது.

பாகு இறுகத் தொடங்கியதும் கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் கரையாமல் உருண்டு நிற்க வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் கட்டாது, ஒரு நிமிடம் பிந்தினால் அடிபிடித்துக் கசந்துவிடும். பதம் வந்ததும் இறக்கி, துடுப்பால் கிண்டி, தண்ணீரில் நனைத்த சிரட்டைகளில் ஊற்றுவார்கள். ஆறியதும் தட்டினால், அரைத் தேங்காய் வடிவத்தில் கருப்பட்டி கழன்றுவரும்.

பத்து லிட்டர் அக்கானி காய்ச்சினால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கருப்பட்டி கிடைக்கலாம். கடையில் கருப்பட்டி விலை கேட்டு 'இவ்வளவா?' என்று யோசிப்பவர்கள், இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். ஒரு கிலோவில் பல மரங்களின் ஏற்றமும், ஒரு பெண்ணின் சில மணி நேரப் புகையும் இருக்கிறது. ஏறுபவரின் உழைப்புக்காவது மரக் கணக்கு இருக்கிறது. காய்ச்சுபவரின் உழைப்புக்குப் பல வீடுகளில் கணக்கே கிடையாது.

வீட்டில் முதன்முறை காய்ச்சிப் பார்க்கலாமா?

தமிழ்நாட்டில் வீட்டில் பீர், கள் போன்ற மது எதையும் தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆனால், அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்க எந்தத் தடையும் இல்லை. விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வரும் பிள்ளைகளோடு ஒரு நாள் முயற்சி செய்து பார்க்கலாம். சில குறிப்புகள்:

* காலையில் இறக்கிய அக்கானியையே வாங்குங்கள். வெயில் ஏறுவதற்குள் அடுப்பில் ஏற்றிவிடுங்கள். நேரம் போகப் போக புளிப்பு கூடும்.

* முதல்முறைக்கு 5 லிட்டர் போதும். அரைக் கிலோவுக்குச் சற்று மேல் கிடைக்கலாம். பாத்திரம் அகலமாகவும், ஊற்றும் நீரைப்போல இரண்டு மடங்கு கொள்ளளவோடும் இருக்கட்டும். இல்லையென்றால் நுரை பொங்கி அடுப்பு அணைந்துவிடும்.

* அரை மணி நேரம் தெளியவிட்டு, அடியில் தங்கும் வெள்ளைப் படிவைக் கலக்காமல் மேல் நீரை மட்டும் துணியில் வடிகட்டுங்கள்.

* முதல் பாதி நேரம் தீ நன்றாக எரியலாம். பாகு கெட்டியாகத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நுரை அதிகம் எழுந்தால் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டாலும் அடங்கும்.

* ஆமணக்கு முத்தைப் பழக்கமில்லாதவர்கள் கையாள வேண்டாம். அதைத் தின்றால் நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

* சமையலறை வெப்பமானி இருந்தால், 115 முதல் 120 டிகிரிக்குள் பதம் வரும். இல்லாவிட்டால் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பதே போதும்.

* கொதிக்கும் பாகு தோலில் பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும். ஊற்றும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

முதல் முயற்சியில் சிரட்டைக் கருப்பட்டி வராமல் பாகாகவே நின்றுபோனால் வருத்தப்பட வேண்டாம். அதைப் புட்டுக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டால் சுக்குக் காப்பிக்கு ஆகும்.

தளைநாருக்கும் வரி

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டோடு இணையும் வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தென்பகுதியாக இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் நெல் விளையும் நாஞ்சில் நாடு. நாஞ்சில் என்றால் கலப்பை. வயல் இல்லாத மேட்டு நிலங்களில் பனை நின்றது. வயல் யாருக்கு, பனை யாருக்கு என்பதைச் சாதி தீர்மானித்தது.

மன்னராட்சிக் காலத்தில் பனையேறும் மக்கள் மீது விதிக்கப்பட்ட வரிகளின் பெயர்களே அந்தக் காலத்தைச் சொல்லிவிடும். மரம் ஏறும் ஏணிக்கு 'ஏணிக்காணம்', கால்களில் மாட்டும் தளைக்கு 'தளைக்காணம்'. உழைக்கும் கருவிக்கே வரி! இந்தச் சமூகத்துப் பெண்கள் மேலாடை அணியவும் தடை இருந்தது. பல ஆண்டுப் போராட்டங்களுக்குப் பிறகு, 1859 ஜூலை 26-ம் தேதி வெளியான அரசாணைதான் அவர்களுக்கு மேலாடை அணியும் உரிமையைத் தந்தது.

அதற்கு முன்பே இந்த அநீதிகளை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் அய்யா வைகுண்டர். அவர் பிறந்ததும் பனை சூழ்ந்த ஊரில்தான். இன்று சுவாமித்தோப்பு என்று அழைக்கப்படும் அந்த ஊருக்கு நாகர்கோவிலில் இருந்து எளிதாகப் போகலாம். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களின் வாரிசுகள், இன்றும் அங்கே தலைப்பாகை கட்டியே பதிக்குள் நுழைகிறார்கள். அதன் பொருள் புரிய, அந்த வரிகளின் கதை தெரிந்திருக்க வேண்டும்.

பனையேறிகளின் வாழ்க்கையைத் தமிழ் இலக்கியத்துக்குக் கொண்டுவந்ததும் இந்த மாவட்டம்தான். ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-ல் வெளியிட்ட 'புத்தம் வீடு' நாவலில், பனைவிளைக்குச் சொந்தக்காரர் வீட்டுப் பெண்ணும் பனையேறியின் மகனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். மரம் யாருடையது, அதில் ஏறுபவர் யார் என்ற இடைவெளிதான் அந்தக் கதையின் முடிச்சு.

எல்லைக்கு அந்தப் பக்கம் கள்ளுக்கடை

மார்த்தாண்டத்தைத் தாண்டி களியக்காவிளை வரை போனால் மாநில எல்லை வந்துவிடும். கேரளத்துக்குள் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. அங்கே பெரும்பாலும் தென்னங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் கள் இறக்கினால் வழக்கு. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. அரசின் டாஸ்மாக் கடைகளில் பீரும் பிராந்தியும் கிடைக்கின்றன.

'பீர் விற்கலாம், கள் இறக்கக் கூடாதா?' என்பது பனைத் தொழிலாளர் அமைப்புகள் நீண்ட காலமாகக் கேட்டுவரும் கேள்வி. கள் இறக்கினால் காய்ச்சும் வேலை இல்லை, விறகு வேண்டாம், அன்றே கையில் காசு. தடையை நீக்கினால் இளைஞர்கள் மரம் ஏற வருவார்கள் என்பது அவர்கள் வாதம்.

மறுபக்கமும் இருக்கிறது. குடியால் சீரழிந்த குடும்பங்களை இதே ஊர்கள் பார்த்திருக்கின்றன. கள்ளில் கலப்படம் செய்வது எளிது, அதைக் கண்காணிப்பது கடினம் என்பார்கள் தடையை ஆதரிப்பவர்கள். பனையேறிகளின் வீடுகளிலேயே இதில் ஒரே கருத்து இல்லை. 'மரத்துல ஏறி இறங்குன காசு வீடு வந்து சேரணும்' என்ற கவலை அடுப்படிக்கு எப்போதும் உண்டு.

இதற்கு நடுவே அக்கானி இறக்குபவருக்கும் நிம்மதி இல்லை. கலயத்தில் சுண்ணாம்பு போதவில்லை என்றால் அது கள்ளாக மாறிவிடும். வெயில் கடுமையான நாளில் அது நடக்க அதிக நேரம் ஆகாது. நேர்மையாகத் தொழில் செய்பவரின் தலைக்கு மேலும் சந்தேகம் தொங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு விரல் சுண்ணாம்புதான் அவருக்கும் வழக்குக்கும் நடுவில் இருக்கும் சுவர்.

மரம் இருந்தால் போதுமா?

ஒரு காலத்தில் பனை நின்ற மேற்குக் குமரியின் மேட்டு நிலங்களில் இப்போது ரப்பர் நிற்கிறது. ரப்பருக்கு 50 அடி ஏற வேண்டியதில்லை, நின்றபடியே பால் வெட்டலாம். செங்கல் சூளைகளுக்கு விறகாகப் போன பனைகளும், வீட்டு மனைகளுக்காக விழுந்த பனைகளும் கணக்கில்லாதவை. விதை போட்ட பனை பாளை விட 15, 20 ஆண்டுகள்கூட ஆகும். வெட்ட அரை மணி நேரம் போதும்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. 76 லட்சம் பனை விதைகள், ஒரு லட்சம் கன்றுகள் தருவதாகவும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றும் அரசு அறிவித்தது. விதை ஊன்றும் தன்னார்வலர்களும் ஊருக்கு ஊர் பெருகியிருக்கிறார்கள். குமரி மாவட்டத்தைச் சேர்ந்த போதகர் காட்சன் சாமுவேல், மும்பையில் இருந்து பைக்கிலேயே பனைகளைத் தேடிப் பயணம் வந்து, அதை 'பனைமரச் சாலை' என்ற நூலாக எழுதினார். மார்த்தாண்டத்தில் பனைத் தொழிலாளர் மேம்பாட்டுக்காகவே தொடங்கப்பட்ட பி.டபிள்யூ.டி.எஸ் அமைப்பு இருக்கிறது.

ஆனால், விதை ஊன்ற ஆயிரம் கைகள் வந்தாலும், ஏறுவதற்கு இரண்டு கால்கள் வேண்டும். இன்று மரம் ஏறுபவர்களில் பலர் நடுவயதைக் கடந்தவர்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். 'எங்களோட இது போகட்டும்' என்று சொல்லும் அப்பாக்கள்தான் அதிகம். அதைக் குறை சொல்லவும் முடியாது. தளைநாருக்கு வரி கட்டிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் ஆசிரியராக, செவிலியராக, பொறியாளராக ஆனது இந்த மாவட்டத்தின் பெருமை. பனையில் இருந்து இறங்குவதே இங்கே விடுதலையாக இருந்திருக்கிறது.

அதனால்தான் 'பாரம்பரியத்தைக் காப்போம்' என்று வெளியில் இருந்து சொல்வது எளிதாக இருந்தாலும் பயன் தருவதில்லை. பாதுகாப்பான ஏறு கருவி, விழுந்தால் காப்பீடு, கலப்படமில்லாத கருப்பட்டிக்கு நியாய விலை, காய்ச்சுபவருக்குப் புகையில்லாத அடுப்பு இவையெல்லாம் கிடைத்தால்தான், படித்த ஒரு இளைஞர் இதையும் ஒரு தொழிலாக யோசிப்பார். ஏறுகிறவருக்கு மரியாதையும் வேண்டும். 'பனையேறி' என்ற சொல்லை வசையாகப் பயன்படுத்தியவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். இன்று அதே சொல்லைப் பெருமையோடு தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் தமிழ்நாட்டில் உருவாகியிருப்பது நல்ல அறிகுறி.

போகிறவர்கள் கவனத்துக்கு

* எப்போது? கோடைதான் பருவம். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் போனால் ஏமாற்றம் இருக்காது. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மரம் வழுக்கும், அக்கானியும் நீர்த்துப்போகும்.

* எந்த நேரம்? காலை 10 மணிக்குள். வெயில் ஏறியபின் பானையில் இருப்பது எவ்வளவு நேரத்துக்கு முன்பு இறக்கியது என்று கேட்டு வாங்குங்கள். நல்ல அக்கானி தித்திக்கும், லேசான ஓலை மணம் இருக்கும். புளிப்போ, நாக்கில் சுறுசுறுப்போ தெரிந்தால் வேண்டாம்.

* எப்படிக் குடிப்பது? பிளாஸ்டிக் கப் கேட்காதீர்கள். பனையோலையை மடித்த பட்டையில் இரண்டு கைகளாலும் ஏந்திக் குடிப்பதில்தான் ருசி. நுங்கு கிடைத்தால் அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். குழந்தைகளுக்குப் பட்டையில் குடிக்கப் பழக இரண்டு சட்டை மாற்ற வேண்டி வரலாம்!

* கருப்பட்டி வாங்கும்போது: சீனி கலந்த கருப்பட்டியும் சந்தையில் உண்டு. உடைத்த இடம் படிகம்போலப் பளபளத்தால் யோசியுங்கள் என்பார்கள் அனுபவசாலிகள். கண் பார்வை மட்டும் நம்பகமான சோதனை ஆகாது. காய்ச்சும் இடத்திலோ, கூட்டுறவு அங்காடிகளிலோ வாங்குவது நல்லது. அருமையான கருப்பட்டி சந்தேகப்படும் அளவுக்கு மலிவாகக் கிடைக்காது.

* சர்க்கரை நோயாளிகளுக்கு: கருப்பட்டியும் சர்க்கரைதான். 'கருப்பட்டிக் காப்பி எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் செய்யாது' என்பதை நம்ப வேண்டாம்.

* கூடவே என்ன பார்க்கலாம்? தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில், மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாமே இதே பாதையைச் சுற்றித்தான். கார்த்திகை சமயத்தில் போனால், பனங்குருத்தோலைக்குள் அரிசி மாவும் தேங்காயும் கருப்பட்டியும் வைத்து அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டை எந்த வீட்டிலும் கிடைக்கும். ஓலையைப் பிரிக்கும்போது வரும் மணத்துக்காகவே ஒருமுறை போகலாம்.

* படம் எடுக்கும் முன்: மரத்தின் உச்சியில் இருப்பவரைக் கூப்பிட்டு 'இந்தப் பக்கம் பாருங்க' என்று சொல்லாதீர்கள். அவருடைய இரண்டு கைகளுக்கும் அப்போது வேலை இருக்கிறது. இறங்கியதும் கேளுங்கள். ஒரு பட்டை அக்கானி வாங்கிக் குடித்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தால், எந்தப் பனை எப்படி ஊறும், எந்தப் பாளை ஏமாற்றும் என்று ஒவ்வொரு மரத்தின் குணத்தையும் சொல்வார்கள். காசு கொடுக்கும்போது பேரம் மட்டும் வேண்டாம்.